மீசையில் மண்

புவனேந்திரனுடைய காது இரண்டும் கோவா, அதாவது முட்டைக்கோஸ், மாதிரி இருக்கும். மடுல்சீமைச் சந்தையில் கோவா விற்கிற பெண்களே அவனைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பாயில் புரண்டு புரண்டு, ஆட்களின் தோளிலும் தொடையிலும் உரசி உரசி, உள்ளே இரத்தம் கட்டி இறுகி, மடிப்பு மடிப்பாகப் போய்விட்ட காது. கல்லுமலைத் தோட்டத்து மேல் டிவிசனில் அவனுக்குப் பெயரே கோவாக்காது. அவன் ஓட்டுகிற த்ரீவீல் கோவா வண்டி. அவன் பெண்டாட்டி யசோதினியையும் தேயிலைக் கொழுந்து மலையில் சும்மா விடமாட்டார்கள்.

"ஏன்டி யசோ, ஒன் வீட்டுக்காரருகிட்ட ரகசியம் பேசணும்னா எந்த மடிப்புல வாய வைப்ப?" என்று அடுத்த நிரையிலிருந்து ரெங்கம்மா கேட்டாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாத்தானே இருக்கு அக்கா. நீங்க பேசுறது ஏதாச்சும் அதுல விழுகுதா?"

நிரை முழுக்கச் சிரித்தது. மாசி மாதத்துப் பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தொப்பலாக நனைந்து முழங்காலில் ஒட்டியது. விரல்கள் மரத்துப் போனாலும் கொழுந்து கூடைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. வேலைக்கு விரல், ஊர்வம்புக்கு வாய். ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது.

"சிரிப்ப விடு. இந்த வருசம் ஒங்கண்ணன் வடத்த யாரு புடிக்கிறது?" என்றாள் ரெங்கம்மா.

யசோதினியின் கை ஒரு நொடி நின்றது. அந்தக் கேள்வி பத்து நாளாக அவள் வயிற்றில்தான் கிடந்தது.

காமன் கூத்து நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பம் நட்டு, காப்புக் கட்டியாயிற்று. விடிய விடிய ஆடி, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் காமனை எரிப்பார்கள். அதற்குச் சற்று முன்னால் வீரபத்திரன் வருவான். யசோதினியின் அண்ணன் அழகருக்குத்தான் அந்த வேசம். அவர்கள் அப்பா ஆடியது, அவருடைய அப்பாவும் ஆடியது. அழகர் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்குகிறவன். சாதாரண நாளிலேயே வாசல் கொள்ளாத உடம்பு. அருள் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். இடுப்பில் வடத்தைக் கட்டி முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேரும் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவர்கள் மச்சான் முறைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது கல்லுமலை வழக்கம். அருளில் விழுகிற அடியை மச்சான்தான் மனதில் வைக்காமல் சிரித்துக்கொண்டே வாங்குவான், பங்காளி வாங்கினால் அது மூன்று தலைமுறைக்குப் பகையாகும் என்று முன்னோர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

பிடித்து வந்த இளவட்ட மச்சான்களில் மூன்று பேர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். நாலாவது ஆளுக்குப் போன வருசத்து அடியில் விலா எலும்பு விரிசல் விட்டு, வடம் என்ற பேச்சை எடுத்தாலே இருமுகிறான். ஊரில் மிச்சம் இருந்த ஒரே வாட்டசாட்டமான மச்சான், கூடப்பிறந்த தங்கை புருசன், கோவாக்காது.

அவனை யசோதினி விடுவதாயில்லை. அழகரும் கேட்பதாயில்லை. இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது.

புவனேந்திரன் இருபது வயதில் அபுதாபிக்குப் போனான். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் தரை துடைக்கிற வேலை. அங்கே பெரிய பெரிய மெத்தைப் பாய்களை விரித்து, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஆம்பளைகள் ஒருவரையொருவர் கட்டிப் புரண்டார்கள். ஜியுஜிட்சு என்றார்கள். பிரேசில்காரன் ஒருத்தன் வாத்தியார். ஒருநாள் ஜோடி குறைந்தது. வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துடைப்பமும் வாளியுமாக நின்ற இவனை விரலால் கூப்பிட்டார். அன்றைக்கு முழுக்க இவன் அமுக்கப்பட்டான், முறுக்கப்பட்டான், மூச்சு முட்ட நெரிக்கப்பட்டான். மறுநாள் வாளியை எடுத்துவைத்துவிட்டு, "இன்னைக்கு ஆள் குறையலயா சார்?" என்று கேட்டானாம்.

சின்ன வயதில் பச்சைக் கொழுந்து மூட்டையைச் சறுக்கலில் கட்டிப்பிடித்து இறக்கிப் பழகிய கை அது. பிடித்தால் விடாது. இடுப்பில் கட்டிய வெள்ளைப் பட்டி நீலமானது, நீலம் ஊதாவானது, பல வருசம் போய்க் கறுப்பும் ஆனது. இடையில் கம்பிக் கூண்டுக்குள் அடிதடிச் சண்டைக்கும் இறங்கினான். பஹ்ரைனில் ஜெயித்தான், மணிலாவில் மூக்கு உடைந்து தோற்றான், பாங்கொக்கில் மறுபடியும் ஜெயித்தான். லீவில் வந்து யசோதினியைக் கட்டினான். மகள் கேசினி பிறந்த சேதியை அவன் கேட்டபோது ஒரு ரஷ்யன் அவன் காலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தானாம். "சேதி சொன்னவங்க ரெண்டு நிமிசம் பொறுத்துச் சொல்லிருக்கலாம், சந்தோசத்துல கால விட்டுக் குடுத்துட்டேன்" என்பான்.

அந்த உலகத்துக்கு ஒரே சட்டம்தான். பிடிபட்டவன் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் பிடித்தவன் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். பதினாறு வருசம் அப்படிப் பழகிய உடம்பு. தூக்கத்தில் புவனேந்திரன் யசோதினி மேல் கையைப் போட்டால் அது கை இல்லை, இரும்புக் கொண்டி. கூப்பிட்டால் எழும்பமாட்டான், கிள்ளினாலும் எழும்பமாட்டான். தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் தூங்கிக்கொண்டே விட்டுவிடுவான். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்துக் காம்பராவில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் புருசனைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி எந்தப் பெண்ணுக்கு வாய்த்தது?

கடைசிச் சண்டையில் இடது கண்ணில் ஓர் அடி விழுந்தது. கண்ணுக்குள்ளே திரை ஒன்று மேலிருந்து இறங்கியதாம். ஊருக்கு வந்து பதுளையில்தான் கண்ணைக் காட்டினான். உள்சவ்வு பிரிந்திருந்ததை ஒட்டினார்கள். டாக்டர் தர்மராசா யாழ்ப்பாணத்துக்காரர். கட்டை அவிழ்த்த அன்று கண்டிப்பாகச் சொன்னார்.

"தம்பி, ஒட்டினது பிடிச்சிருக்கு. ஆனா இன்னொரு அடி இந்தக் கண்ணில விழுந்துதெண்டா என்னட்டை வந்தும் பிரயோசனம் இல்லை. சண்டை கிண்டை எல்லாம் இண்டையோட சரி. விளங்கினதோ?"

பதுளை பஸ் நிலையத்தில், ஒரு கையில் மீன் ரோல்ஸும் மூக்கில் கறுப்புக் கண்ணாடியுமாக, இனி எவனோடும் சண்டைக்குப் போகமாட்டேன் என்று யசோதினியின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். ரோல்ஸ் எண்ணெய் தலையில் ஒட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. அது நடந்து இரண்டு வருசம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கி, மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்கு ஓட்டி, ஒரு மீசையும் வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான்.

அழகருடைய காரணம் வேறு. அவன் மச்சானை வெறுத்ததற்கு முதல் காரணம், அவன்மேல் வைத்த ஆசை.

பாங்கொக் சண்டையைத் தோட்டமே பார்க்க வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். மடுல்சீமையில் போன் கடை வைத்திருக்கும் நப்ரீஸைக் கூட்டிவந்து, வாசிகசாலை டிவியில் போனை இணைத்தான். வாசலில் கொய்யா மரத்தில் வெடிக்கட்டு ஒன்றைத் தொங்கவிட்டான். "எங்க மச்சான் ஜெயிச்ச ஒடனே வெடி. லயம் குலுங்கணும்" என்று டிவிசன் முழுக்கச் சொல்லிவைத்தான். சண்டை தொடங்கிற்று. கொஞ்ச நேரத்தில் புவனேந்திரன் மல்லாந்து விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்தான் எதிராளி.

கல்லுமலையில் பொங்கலுக்குப் பொங்கல் குஸ்தி நடக்கும். முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது. வாசிகசாலை அப்படியே அமைதியானது. அழகர் எழுந்து போய் வயரைப் பிடுங்கினான்.

"அண்ணே, இன்னும் முடியல்ல அண்ணே! அவரு கால வச்சிக் கழுத்தப் பூட்டப் பாக்குறாரு!" என்று நப்ரீஸ் கத்தினான்.

"முதுகு பட்டாச்சு. இனி என்னாத்தப் பாக்குறது? எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றான் அழகர். வெடியை அவிழ்த்துக்கொண்டு போனவன்தான்.

கீழே கிடந்தபடியே எதிராளியின் கழுத்தைக் காலுக்குள் பூட்டி, அவனைத் தட்டவைத்து ஜெயித்தான் புவனேந்திரன். தோட்டத்தில் அதைக் கடைசிவரை பார்த்தவள் யசோதினி ஒருத்திதான், கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு, சின்னப் போனில். அவள் சொன்னால் எடுபடுமா? அவன் வந்து சொன்னபோதோ ஊரே கைகொட்டியது. "கீழ கெடந்து ஜெயிச்சானாம்! விழுந்தாலும் மீசைல மண்ணு ஒட்டலயாம்!" அன்றிலிருந்து அழகர் மச்சானோடு நேரில் பேசுவதை விட்டான். ஒரே லயம், மூன்று காம்பரா தள்ளித்தான் வீடு. பேச்செல்லாம் அம்மா இராக்கம்மா வழியாகத்தான் நடக்கும்.

அன்று சாயந்தரமும் அப்படித்தான் நடந்தது. வீட்டு முன்புறத்து இஸ்தோப்பில் இராக்கம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அழகர் விரதக்காரன், வாசலுக்கு வெளியே நின்றான். புவனேந்திரன் த்ரீவீலுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, தோட்டத் தலைவரு வந்து கேட்டாரு. எவன் புடிச்சாலும் சரி, முதுகு மண்ணுல பட்டவன் என் வடத்தத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சொல்லு அவன்கிட்ட."

"அவரு இந்தா நாலு முழம் தள்ளி ஒக்காந்திருக்காரு. அவருக்குக் காதுல மடிப்பு இருக்கே தவிர அடைப்பு இல்ல" என்றாள் இராக்கம்மா.

"அத்த, நானும் புடிக்கிறதா இல்லன்னு மச்சான்கிட்ட சொல்லிருங்க" என்றான் புவனேந்திரன், பம்பை விடாமல்.

"ஆமா, இங்க நான் என்னா தபால்காரியா? ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன், ரொட்டி கருகுது, கட்டசம்பல் இருக்கு, திங்கிறவன் தின்னு."

யசோதினிக்கு உள்ளே பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் அண்ணன் 'தொடக் கூடாது' என்று சொன்ன இடத்தில் ஏதோ சுருக்கென்றது. ராத்திரி புருசனிடம் கேட்டாள்.

"ஒங்களுக்குக் கோவமே வரலயா?"

"வடத்தப் புடிச்சா அடி விழும். அடி விழுந்தா கண்ணு போகும். கண்ணு போனா ஒன்னப் பாக்க முடியாது. இதுல கோவப்பட எங்க நேரம்?" என்றவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மச்சான் வெடி வாங்கித் தொங்கவிட்டாராமே. அதத்தான் நெனச்சா ஒருமாதிரியா இருக்கு" என்றான்.

கூத்தன்று காமன் பொட்டலில் கால் வைக்க இடமில்லை. பொட்டலுக்கு மூன்று பக்கம் ஜனம், நாலாவது பக்கம் வெட்டுமேடு. அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரப் பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிற கானும் கருங்கல்லும். ரதியும் மதனும் ஆடி முடித்தார்கள். குளிருக்கு இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயைப் பெரிய கேத்தலில் வைத்துக்கொண்டு புவனேந்திரன் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு திரிந்தான். சத்தியம் செய்த மனிசனுக்குப் பொருத்தமான வேலைதான். கேசினி இராக்கம்மாவின் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

தப்பு மேளத்தின் அடி மாறியது. மஞ்சள் பூசிய முகமும், மரக் கிரீடமும், வேப்பிலை மாலையுமாக அழகர் வந்து இறங்கினான். வடத்தைப் பிடிக்கத் தலைவர் எங்கிருந்தோ தேடிக்கொண்டுவந்த நாலு மச்சான்களையும் பார்த்ததும் யசோதினிக்குப் பகீரென்றது. ஒருத்தருக்குக் குடலிறக்கம். ஒருத்தர் பென்சன்காரர். மற்ற இருவரும் அண்ணனின் நிழல் விழுந்தாலே நடுங்குகிறவர்கள். அழகர் ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் குடலிறக்கக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது சுற்றில் வடம் பென்சன்காரரின் கையை அறுத்துக்கொண்டு போயிற்று. மற்ற இருவரும் வடத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

"புடிங்கடா! ஆள் போறான்டா!"

யாரும் பிடிக்கவில்லை. அழகரின் கண் உள்ளே செருகியிருந்தது. விடுபட்ட வடம் வால்போல இழுபட, நேரே வெட்டுமேட்டைப் பார்த்து ஓடினான். அந்தப் பக்கம் நின்ற சனம் அலறிக்கொண்டு விலகி, விழுவதற்குத் தோதாக வழியும் விட்டது.

புவனேந்திரன் கேத்தலைச் சிந்தாமல் கீழே வைத்தான். அது யசோதினிக்கு நன்றாக ஞாபகம். பிறகு அவன் ஓடியதுதான் அவளுக்குத் தெரியவில்லை. வெட்டுமேட்டு ஓரத்தில், அழகரின் இடுப்புக்குக் கீழே குனிந்து புகுந்து, இடுப்பைக் கட்டிப் பொட்டல் பக்கம் திருப்பி, அப்படியே தான் மல்லாந்து விழுந்து அவனைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டான். விழும்போது அழகரின் முழங்கை அவன் இடது புருவத்தில் இடித்தது. யசோதினி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"விழுந்துட்டான்டா கோவாக்காது!" என்று கூட்டத்தில் ஒரு குரல். பழக்கதோசத்தில் நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

சிரிப்பு நீளவில்லை. மேலே கிடக்கிற வீரபத்திரனால் எழும்ப முடியவில்லை. புவனேந்திரனின் கால் இரண்டும் அவன் இடுப்பைச் சுற்றிப் பின்னால் கொக்கி போட்டிருந்தன. கை இரண்டும் அவன் தலையை நெஞ்சோடு இறுக்கியிருந்தன. அழகர் உறுமினான், திமிறினான், கையை ஓங்கினான். ஓங்க இடமே இல்லை. புவனேந்திரன் தன் முகத்தை வேப்பிலை மாலைக்குள் புதைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான். ஒரு அடி அடிக்கவில்லை. அடிவாங்கவும் இடம் கொடுக்கவில்லை. நாலு பேர் வடம்போட்டு இழுத்த உடம்பு, கீழே கிடந்த ஒற்றை ஆளின் மடிக்குள் பிள்ளைபோல அடங்கிக்கொண்டு வந்தது.

அருள் இறங்கிற்று. அழகரின் கால் துவண்டது. முகம் மஞ்சளையும் மீறிக் கறுத்தது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூச்சு வரவில்லை. தப்புக்காரர்களோ தெய்வத்துக்கு அடிக்கிற வேகத்தில் எதையும் பார்க்கவில்லை. "விடுங்கப்பா, எறங்கிருச்சு!" என்று தலைவர் கத்தியது அவருக்கே கேட்டிருக்காது. புவனேந்திரன் கண்ணை மூடியவன் மூடியவன்தான்.

யசோதினி ஓடினாள். பொம்பளைகள் பொட்டலுக்குள் இறங்கக் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து, புருசனின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கொண்டி கழன்றது. அழகர் உருண்டுபோய், வெட்டுமேட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் உட்கார்ந்து, இருமி இருமி மூச்சு வாங்கினான்.

காமன் எரிந்து முடிவதற்குள் அவள் புருசனைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பொழுது நன்றாகப் புலர்ந்திருந்தது. அவன் முதுகெல்லாம் மண், முகமெல்லாம் அண்ணனின் மஞ்சளும் மண்ணும். இடது புருவம் புடைத்திருந்தது. அவள் தன் உள்ளங்கையால் அவனுடைய வலது கண்ணைப் பொத்தினாள்.

"இப்ப என்னா தெரியுது?"

அவன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லுங்க. என்னா தெரியுது?"

"ஒன்னுந் தெரியல யசோ. ஒரே மஞ்சளா இருக்கு."

அவள் சேலைத் தலைப்பைப் பீலியில் நனைத்து, அந்த இமையை மெதுவாக, மிக மெதுவாகத் துடைத்தாள். தலைப்பில் அண்ணனின் மஞ்சள் அப்பிக்கொண்டு வந்தது.

"இப்ப?"

"இப்ப..." அவன் கண்ணை இடுக்கி மேட்டு லயத்தைப் பார்த்தான். "ரெங்கம்மா அக்கா இஸ்தோப்புல நின்னு ரொட்டி திங்கிறாங்க. சம்பல் கம்மியா இருக்கு."

யசோதினி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்தால் எதற்கு அழுகிறோம் என்று யாருக்குத் தெரியும்?

"சண்ட போடமாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணீங்க."

"எங்க சண்ட போட்டேன்? மச்சானக் கட்டிப்புடிச்சேன். ரொம்ப நாளா கோவிச்சிக்கிட்டு இருந்தாருல்ல."

"இனி பதுளைக்குப் போயி டாக்டரு பாத்துச் சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது. கட்டிப்புடிக்கிறதும் கூடாது."

"யாரையுமா?"

"வாய மூடுங்க."

அவர்கள் லயத்துக்கு வந்தபோது வேசத்தைக் கலைத்துவிட்டு அழகர் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தான். ரெங்கம்மாவும் அவள் புருசனும், கூத்துக்கு வந்திருந்த நப்ரீஸும், இன்னும் பாதி லயமும் அங்கேதான் நின்றது. அழகர் அம்மாவைப் பார்த்தான். பேச்சை அவள் பக்கம் தொடங்கப் போனவன், நிறுத்திவிட்டு நேரே திரும்பினான்.

"மாப்ள, அந்தச் சண்ட போன்ல இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"நான் வயரப் புடுங்கின எடத்துலருந்து போடு."

நப்ரீஸ் போனை வாங்கிச் சர்க்கரை டின்னில் சாய்த்து வைத்தான். புவனேந்திரன் மல்லாந்து கிடந்தான். மேலே அந்த எதிராளி. இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. கீழே கிடந்தவனின் கால் மெதுவாக ஊர்ந்து ஏறி, மேலே இருந்தவனின் கழுத்தைச் சுற்றி, மடிந்து பூட்டிக்கொண்டது. அழகரின் கை தன்னை அறியாமல் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தது. எதிராளி புவனேந்திரனின் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"நான் அப்பவே சொன்னேன்தானே அண்ணே, முடியல்லன்னு" என்றான் நப்ரீஸ்.

"நீ சும்மா இருடா" என்ற அழகர் மச்சான் பக்கம் திரும்பினான். "ஏன் மாப்ள, எங்கிட்ட சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் மச்சான். மீசைல மண்ணு ஒட்டலன்னு சொன்னீங்க."

அழகர் எழுந்து வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மச்சானின் மீசையைத் துடைத்தான். மூட்டை தூக்குகிற பெரிய கை, துடைக்கத் தெரியாமல் மூக்கையும் சேர்த்துத் துடைத்தது.

"இன்னைக்கு ஒட்டியிருக்கு மாப்ள. நல்லாவே ஒட்டியிருக்கு. ஆனா தோத்தது நானு" என்றான்.

பிறகு விறுவிறென்று தன் காம்பராவுக்குள் போய், வீரபத்திரன் சாமான் வைக்கும் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தான். விரதக்காரனைத் தவிர வேறு யாரும் தொடாத பெட்டி அது. கிரீடத்துக்கும் வேசத் துணிக்கும் அடியிலிருந்து அவன் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு வெடிக்கட்டு. சுற்றியிருந்த கடுதாசி வெளுத்துப் போயிருந்தது.

"அடப்பாவி! இத்தன தீவாளி போச்சே, கொளுத்தாமயா வச்சிருந்த?" என்றாள் இராக்கம்மா.

"அது தீவாளிக்கு வாங்கினது இல்லம்மா" என்றான் அழகர்.

கொய்யா மரத்தில் கட்டிக் கொளுத்தினார்கள். முதல் நாலைந்து புஸ்ஸென்று போயின. ரெங்கம்மா சிரிக்கத் தொடங்கும்போது ஆறாவது வெடித்தது. அப்புறம் நிற்கவில்லை. லயத்துத் தகரமெல்லாம் அதிர்ந்தது. நாய்கள் கொழுந்து மலைக்குள் ஓடின. கேசினி எழும்பி, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள்.

கூத்துக்கு மறுநாள் தோட்டத்தில் பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை. மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு லயமே படுத்துவிட்டது. புவனேந்திரன் படுத்த நொடியில் தூங்கினான். புருவ வீக்கத்துக்கு மஞ்சள் பத்துப் போட்டிருந்தாள் யசோதினி. பக்கத்தில் படுத்து, அந்தக் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் புரண்டு கையைப் போட்டான். கொண்டி விழுந்தது. அடுப்பில் சுடுதண்ணீர் வைத்திருந்தது ஞாபகம் வந்து, தட்டுவதற்காகக் கையைத் தூக்கினாள்.

தூக்கிய கையை அவன் தோளில் வைத்தாள். தட்டவில்லை. சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டு கிடந்தது.